முன்னூல் ஆராய்ச்சி எழுதும் முறை

ஆய்வேடு எழுதப் புகும் மாணாக்கரை மிகவும் அச்சுறுத்துவது அதன் இரண்டாம் இயலாகும். முதல் இயலில் எடுத்துக்கொண்ட பொருளை அறிமுகஞ் செய்துவிடலாம். மூன்றாம் இயல் முதலாகத் தாம் கண்டதையும் கேட்டதையும் அளந்ததையும் எழுதலாம். இடைப்பட்ட இரண்டாம் இயலிலோ, அப்பொருளைக் குறித்துத் தமக்குமுன் எழுதியோர் யாவர், அவர் கூறியன யாவை, அவற்றின் தகுதி யாது என்பவற்றை ஆராய்ந்து உரைத்தல் வேண்டும். இதனை ஆங்கிலத்தில் ‘லிட்டரேச்சர் ரிவ்யூ’ என்றும், தமிழில் ‘இலக்கிய மீளாய்வு’ என்றும் வழங்குவர். இலக்கியம் என்னுஞ் சொல் காப்பியங்களையும் செய்யுட்களையும் நினைப்பூட்டி மாணாக்கரை மயக்குதலின், இக்கட்டுரையில் அதனை முன்னூல் ஆராய்ச்சி என்றே வழங்குவேன்.

யான் சேர்வராயன் மலைமேல், ஏற்காடு வட்டத்து வெள்ளக்கடையிற் பிறந்தவன். எங்கள் குடும்பத்திற் கல்லூரிப் படி ஏறியவருள் யானே முதல்வன். நம் கல்லூரியிற் பயின்ற காலத்து யான் எழுதிய முதல் முன்னூல் ஆராய்ச்சி பிழைபட்டதையும், அப்பிழையைத் திருத்திக்கொண்ட வழியையும் ஈண்டுக் கூறுவது, இன்று அதே படியில் நிற்கும் இளைஞர்க்கும் நங்கையர்க்கும் பயன்படும் என்று நம்புகின்றேன்.

முதற் பிழை

யான் எடுத்துக்கொண்ட பொருள், சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களின் வரலாறு. இங்கு மலையாளி என்பது கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலையில் வாழ்வோர் என்னும் பொருளது. எம்மவர் பேசுவது தமிழே. என் சொந்த மக்களைப் பற்றியதாதலின் இப்பொருள் எளிதாக இருக்கும் என்று எண்ணினேன்.

இரண்டு மாதம் நூலகத்தில் அமர்ந்தேன். கிடைத்த நூலையெல்லாம் திறந்து, மலையாளி என்ற சொல் வருமிடங்களைப் பெயர்த்தெழுதினேன். பின்னர் ஒரு நூலுக்கு ஒரு பத்தியாக வரிசைப்படுத்தினேன். “இன்னார் இன்ன ஆண்டில் இவ்வாறு கூறினார். மற்றொருவர் இன்ன ஆண்டில் இவ்வாறு கூறினார்” என்று இருபத்து நான்கு பக்கம் நிரம்பிற்று. எம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்னும் செய்தி ஏழு நூல்களிற் காணப்பட்டது. ஏழு சான்று இருக்கும்போது ஐயம் ஏது என்று, அதனை உறுதியான வரலாறாகவே எழுதி முடித்தேன்.

கட்டுரையைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். மறுநாள் அதனைத் திருப்பித் தந்தார். பக்கங்களில் ஒரு கோடும் இல்லை. இறுதிப் பக்கத்தின் அடியில் மட்டும் ஒரு வினா எழுதப்பட்டிருந்தது: “இவர்களுள் நேரிற் கண்டவர், கேட்டவர் எத்தனை பேர்?”

அவ்வினாவின் கருத்து எனக்கு விளங்கவில்லை. “ஐயா, ஏழு பேர் சொல்லியிருக்கின்றார்களே” என்றேன். அவர் முறுவலித்து, “ஒரு கிணற்றுத் தண்ணீரை ஏழு குடத்தில் மொண்டு வைத்தால் ஏழு கிணறு ஆகிவிடுமா, தம்பி?” என்றார்.

அந்த விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, என் கட்டுரையிலிருந்த காஞ்சிபுரத்துக் கதையை என் பாட்டியாருக்குப் படித்துக் காட்டினேன். ஆயா என்றே நாங்கள் அவரை அழைப்பது. எழுத்தறியாதவர். முழுவதும் கேட்டுவிட்டு, “கண்ணு, இதை அந்தத் துரைக்குச் சொன்னது யார்? எந்த ஊரில் உட்கார்ந்து கேட்டார்?” என்றார். பேராசிரியர் எழுதிய வினாவும் ஆயா கேட்ட வினாவும் ஒன்றே என்பது அப்பொழுதுதான் எனக்குப் புலப்பட்டது. முன்னூல் ஆராய்ச்சி என்பதன் உயிர்நாடி இவ்வொரு வினாவிலேயே அடங்கியிருக்கின்றது. எத்தனை நூல் சொல்லுகின்றன என்பது பெரிதன்று. யார் கண்டது, யார் கேட்டது, யார் பிறர் சொன்னதைத் திரும்பச் சொல்வது என்பதே பெரிது.

முதல், வழி, சார்பு

இம்முறை மேல்நாட்டிலிருந்து நாம் இரவல் வாங்கவேண்டியதொன்றன்று. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்துள்ளார். அவர் அப்பகுப்பை இலக்கண நூல்களை நோக்கிச் செய்தாராயினும், இன்று நாம் அதனை நம் தேவைக்கேற்பப் பொருத்திக்கொள்ளலாம். ஒரு செய்தியைத் தாமே கண்டோ, கேட்டோ, அளந்தோ முதன்முதல் எழுதியது முதனூல். அதனைப் பெரும்பாலும் பின்பற்றிச் சிறிது வேறுபட உரைப்பது வழிநூல். அவ்விரண்டிலிருந்தும் சில எடுத்துத் தன் போக்கிற் கூறுவது சார்புநூல்.

யான் செய்த பிழை, இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எண்ணியதே. என் ஏழு நூல்களையும் மீண்டும் திறந்து, ஒவ்வொன்றின் அடிக்குறிப்பையும் முன்னுரையையும் பின்பற்றிச் சென்றேன். அப்போது சேர்வராயன் மலையைக் குறித்த எழுத்துக்களின் வம்சாவளி மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

சேலம் மாவட்டத்தைக் குறித்த கையேட்டை லெ ஃபானு என்பவர் தொகுத்து 1883இல் வெளியிட்டார். சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன், ரங்காச்சாரியாரின் துணையுடன் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட விவரச்சுவடி 1918இல் வந்தது. இவற்றை வேறுவேறு சான்றுகளாக எண்ணுதல் எளிது. ஆனால் தர்ஸ்டன் தம் நூலில் மலையாளி மக்களைக் குறித்து எழுதும்போது மாவட்டக் கையேட்டிலிருந்தும் மக்கட்கணக்கு அறிக்கைகளிலிருந்தும் பல பகுதிகளை எடுத்தாள்கின்றார். அவ்வாறு எடுத்த இடங்களில் அவர் சான்றல்லர். முன்னவர் சொல்லைக் கொண்டுவந்து தருபவரே.

இதனால் தர்ஸ்டனைத் தள்ளிவிடுக என்று யான் கூறவில்லை. அவர் இம்மக்களைத் தாமே அளவெடுத்தவர். அளவுகளைத் தரும் பகுதியில் அவர் நூல் முதனூல். கதையைத் தரும் பகுதியில் அஃது வழிநூல். ஒரே நூல் ஒரு பக்கத்தில் முதலாகவும் மறுபக்கத்தில் வழியாகவும் இருத்தல் கூடும். ஆதலின் நூலை முழுமையாக வகைப்படுத்தாமல், அதன்கண் உள்ள ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே வகைப்படுத்துதல் வேண்டும். மாணாக்கர் பலர் தவறுவது இவ்விடத்திலேயே.

மற்றொன்றும் கண்டேன். காஞ்சியிலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூவர் வந்தனர் என்பதும், மூத்தவன் சேர்வராயன் மலையிற் குடியேறினான் என்பதும் அக்கதையின் பொதுவான பகுதி. இளையவர் இருவரும் சென்ற மலைகள் எவை என்பதில் வடிவங்கள் வேறுபடுகின்றன. யான் என் முதற் கட்டுரையில் இவ்வேறுபாட்டை மறைத்து, எனக்கு அழகாகத் தோன்றிய ஒரு வடிவத்தையே எழுதியிருந்தேன். மாறுபாடு ஆய்வாளனுக்குப் பகையென்று அஞ்சினேன். உண்மையில் அதுவே அவனுக்குக் கிடைக்கும் பெருஞ்செல்வம். எல்லாரும் ஒன்றையே கூறுமிடத்தில் நமக்கு வேலை குறைவு; வேறுபடுமிடத்திலேதான் நாம் ஆராயவேண்டிய வினா பிறக்கின்றது.

ஒரு நுண்ணிய வேறுபாட்டையும் பேராசிரியர் அப்போது கற்பித்தார். 1883இல் அச்சிட்ட நூலில் ஒரு கதை காணப்படுமாயின், அக்காலத்தில் அக்கதை வழங்கியது என்பதற்கு அந்நூல் நல்ல சான்று. கதையிற் கூறிய நிகழ்ச்சி நடந்தது என்பதற்கு அஃது சான்றாகாது. எனினும், சான்று ஒன்றே என்பதனாற் கதை பொய்யென்றும் ஆகிவிடாது. “தெரிந்தது இவ்வளவு” என்று அளவிட்டுக் கூறுதலே அறிவுடைமை.

ஒரு பாம்பின் கதை

மக்கள் வரலாற்றுக்கு இத்துணை நுணுக்கம் வேண்டும், இயற்கை அறிவியலுக்கு வேண்டா என்று அறிவியல் மாணாக்கர் கருதலாம். எம் மலையிற் கண்டெடுத்த ஒரு சிறு பாம்பின் கதை அக்கருத்தை மறுக்கும்.

மண்ணைத் துளைத்து வாழும் நஞ்சற்ற சிறு பாம்புகளில் ஓர் இனம் உண்டு. வாலின் நுனி கேடயம் போற் கடினமாக இருத்தலின், கேடயவால் என்னும் பொருள்பட அவ்வினத்திற்கு யூரோபெல்டிஸ் என்று பெயரிட்டனர். சேர்வராயன் மலையிற் கிடைத்த அவ்வகைப் பாம்பு ஒன்றை, படைத்துறையிலும் காட்டிலாகாவிலும் பணிபுரிந்த பெடோம் என்பவர் 1863இல் ஒரு தனி வகையென விவரித்தார். தென்னாட்டு மலைத்தொடர்களைக் குறித்து எழுதிய மருத்துவர் ஜான் ஷார்ட் என்பாரின் பெயரை அதற்கு இட்டு, ஷார்ட்டி என்றழைத்தார்.

பின்வந்தோர் அப்பாம்பைத் தனி வகையாகக் கொள்ளவில்லை. 1829இல் குவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் சிலானிகா எனப் பெயரிட்ட வேறொரு பாம்போடு அதனைச் சேர்த்துவிட்டனர். இதிலும் ஒரு விந்தையுண்டு. சிலானிகா என்றால் இலங்கைக்கு உரியது என்று பொருள். அப்பாம்போ இலங்கையில் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது. தொடக்கத்தில் இடம் பற்றி நேர்ந்த பிழை பெயரிற் படிந்து, இன்றுவரை நூலுக்கு நூல் தொடர்ந்து வருகின்றது. பெயரைக் கண்டு இடத்தைத் துணிபவன் ஏமாறுவான்.

இவ்வாறு எம் மலைப்பாம்பு ஏறத்தாழ மறக்கப்பட்டே கிடந்தது. 2014இல் எஸ். ஆர். கணேஷ் என்பாரும் உடன் ஆய்ந்தோரும் பழைய விவரங்களையும் மாதிரிகளையும் மீண்டும் ஒப்புநோக்கி, பெடோம் பிரித்ததே சரியென்று காட்டி, ஷார்ட்டியைத் தனி வகையாக மீட்டனர். பெடோம் எழுதியதற்கும் இம்மீட்சிக்கும் இடையே 151 ஆண்டுகள். பிற்காலத்துத் தொகுப்பு நூல்களை மட்டும் நம்பி, பழைய முதனூலைத் திறவாதிருந்தால் அப்பாம்பு இன்னும் பெயரின்றியே மண்ணுள் ஊர்ந்துகொண்டிருக்கும். பல இடங்களில் வாழும் ஒரு பாம்பின் கூட்டத்தில் இதுவும் ஒன்றென எண்ணினால், எம் மலைக்காடு அழிந்து அஃது ஒழிந்தாலும் உலகம் அதனை ஓர் இழப்பாகக் கணக்கிடாது. தனி வகை என்று அறிந்த பின்னரன்றோ காத்தல் வேண்டும் என்னும் எண்ணம் எழும்!

தேடும் முறை

இனி, செய்முறையைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, வினாவைக் குறுக்குக. “மலையாளி மக்களின் வரலாறு” என்ற பொருளோடு நூலகத்துட் புகுந்தமையாலேயே யான் எல்லாவற்றையும் பெயர்த்தெழுதினேன். பேராசிரியர் அதனை, “சேர்வராயன் மலையாளிகளின் வருகைக் கதையை யார், எப்போது, யாரிடம் கேட்டு எழுதினர்?” என்று சுருக்கித் தந்தார். வினா குறுகியவுடன் நூற்குவியலிற் பாதி தானே விலகிற்று.

இரண்டாவது, சொற்களை மாற்றி மாற்றித் தேடுக. நூலகப் பட்டியலிலோ கணினியிலோ மலையாளி என்று தேடினால் கேரளத்தைப் பற்றிய நூல்களே முன்வந்து நிற்கும். சேர்வராயன் என்னும் பெயரையோ ஆங்கில நூலோர் பலவாறு எழுத்துக்கூட்டியுள்ளனர். வெள்ளக்கடையைக்கூட ஒரு ககரம் இட்டும் இரண்டு ககரம் இட்டும் எழுதுகின்றனர். ஓர் எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடிவிட்டு, “இதைப்பற்றி எவரும் எழுதவில்லை” என்று முடிவு கட்டுதல் பெருந்தவறு.

மூன்றாவது, கிடைத்த ஒரு நல்ல நூலின் அடிக்குறிப்புக்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்க. அந்நூலை எடுத்தாண்ட பிற்கால நூல்களைத் தேடி முன்னோக்கியும் செல்க. ஆற்றின் ஊற்றையும் கழிமுகத்தையும் ஒருங்கே காண்பது போன்றதாகும் இஃது. புதிய நூல் எதனைத் திறந்தாலும் முன்பறிந்த பெயர்களே திரும்பத் திரும்ப வருமாயின், தேடியது போதும் என்று அறிக.

நான்காவது, பிற துறையாரையும் மறவற்க. எம் மலை ஒன்றே. அதனைக் கண்ட கண்கள் பல. கிங், புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலார் இருவரும் சேலம் முதலிய மாவட்டங்களின் பாறையமைப்பை ஆராய்ந்து 1864இல் எழுதினர். 1863இல் பல்லாவரத்திற் பழங்கற்காலக் கோடரியைக் கண்டெடுத்துப் புகழ்பெற்ற அந்த ஃபூட், பிற்காலத்தில் ஏற்காட்டிலேயே வாழ்ந்தவர். அவர் நினைவிடம் அங்குள்ள திரித்துவ ஆலயத்தில் இருக்கின்றது. இம்மலைகளைக் கட்டிய சார்னக்கைட் என்னும் பாறைக்கு ஹாலந்து என்பவர் 1893இல் பெயரிட்டார். திருச்சிராப்பள்ளி ராபினாட் தாவரக் காட்சியகத்து மாத்யூ அடிகளாரின் தமிழ்நாட்டுக் கர்நாடகத் தாவர நூல் 1980களின் தொடக்கத்தில் வெளிவந்தது. பாறையைப் பார்க்க வந்தவரும் செடியைப் பார்க்க வந்தவரும் வழியிற் கண்ட ஊரையும் மக்களையும் குறித்து ஓரிரு வரி எழுதிவைத்தல் உண்டு. அவ்வரிகள் நேரிற் கண்டவை, ஆதலின் விலைமதிப்புடையவை.

ஐந்தாவது, ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு சிறு அட்டை எழுதுக. யான் அட்டையில் ஆறு செய்திகளைக் குறித்தேன்: எழுதியவர் யார், எந்த ஆண்டு, கூற்று யாது, அது கண்டதா, கேட்டதா, பிற நூலில் எடுத்ததா, எந்த இடத்தைப் பற்றியது, எனக்கு எழும் ஐயம் யாது. நூலாசிரியரின் சொல்லை அப்படியே எழுதினால் மேற்கோட்குறி இட்டுப் பக்க எண்ணையும் குறித்துவிடுக. குறி இடாதுவிட்டால், மூன்று மாதம் கழித்து அது அவர் சொல்லா நம் சொல்லா என்று நமக்கே மறந்துபோம். சொற்களவு பல வேளைகளில் தீயெண்ணத்தால் நேர்வதன்று. இத்தகைய சோம்பலால் நேர்வதே.

இக்காலத்து மாணாக்கர்க்கு மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். கேட்டவுடன் நூற்சுருக்கம் எழுதித் தரும் கணினிக் கருவிகள் வந்துள்ளன. அவை இல்லாத நூலையும் உள்ளது போலப் பெயரும் ஆண்டும் இட்டுச் சொல்லிவிடுதல் உண்டு. தாம் திறந்து பாராத நூலைத் தம் கட்டுரையிற் குறிப்பிடலாகாது என்ற பழைய விதியை இக்காலத்தில் இருமடங்கு இறுக்கமாகக் கைக்கொள்ளல் வேண்டும்.

எழுதும் முறை

அட்டைகள் நிறைந்தபின், அவற்றை ஆசிரியர் வரிசையில் அடுக்காமல், வினாவின் வரிசையில் அடுக்குக. முதற் கட்டுரையில் என் பத்திகள் நூலாசிரியர் பெயரால் தொடங்கின. திருத்திய கட்டுரையில் ஒவ்வொரு பத்தியும் ஒரு செய்தியால் தொடங்கிற்று. “வருகைக் கதையின் மூத்த அச்சு வடிவங்கள்” என்பது ஒரு பத்தி. “வடிவங்கள் வேறுபடும் இடங்கள்” என்பது மற்றொன்று. “கதை கேட்கப்பட்ட இடமும் கூறியோரும்” என்பது மூன்றாவது. ஆசிரியர்கள் அப்பத்திகளுள் வந்து தத்தம் சான்றைக் கூறிச் சென்றனர். நீதிமன்றத்திற் சாட்சிகள் வழக்கின் போக்கிற்கேற்ப அழைக்கப்படுவரேயன்றி, பெயரின் அகர வரிசையில் அழைக்கப்படுவதில்லை அன்றோ?

சான்றைக் கேட்டால் மட்டும் போதாது. அதன்மேல் நம் நிலை யாது என்றும் கூறுதல் வேண்டும். மாணாக்கர் இதற்கு அஞ்சுவர். “பெரியவர்கள் எழுதியதைப் பற்றித் தீர்ப்புக் கூற யான் யார்?” என்று யானும் அஞ்சினேன். நன்னூல் இவ்வச்சத்தையும் போக்குகின்றது. நூலாசிரியர் பிறர் கருத்தின்மேற் கொள்ளத்தக்க நிலைகள் ஏழு என அந்நூல் வகுத்து, அவற்றை எழுவகை மதம் என்கின்றது. பிறர் கருத்தோடு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் காரணங் காட்டி விலக்கலாம், தாமே ஒரு கருத்தை நாட்டி அதனை நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபட்டவிடத்து ஒருவர் பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக் காட்டலாம், எவரோடும் சாராது தம் கருத்தையே கொள்ளலாம். நம் முன்னோர் பிறர் நூலிற் குற்றங் காட்டுதலை அடக்கமின்மை என்று கருதாது, நூலெழுதுவோன் கடமைகளுள் ஒன்றாகவே வைத்தனர்.

என் அட்டைகளின் மூலையில் இவ்வேழில் ஒன்றை எழுதி வந்தேன். எதுவும் எழுத இயலாத அட்டையை எடுத்து வைத்துவிட்டேன். அதனைப்பற்றி எனக்குக் கருத்தில்லை என்றால் என் கட்டுரையில் அதற்கு இடமும் இல்லை. அதே நன்னூல் கூறியது கூறலை நூற்குற்றங்கள் பத்தனுள் ஒன்றாக எண்ணுகின்றது. ஏழு நூலார் கூறியதை ஏழு முறை கூறிய என் முதற் கட்டுரை அக்குற்றத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. திருத்தி எழுதியபோது இருபத்து நான்கு பக்கம் ஒன்பது பக்கமாயிற்று.

இறுதியாக, முன்னோர் விட்ட இடம் யாது என்பதைக் காட்டுதல் வேண்டும். யான் பார்த்த பழைய நூல்களிற் பெரும்பாலானவற்றில், கதை கூறியவரின் பெயரோ ஊரோ இல்லை. எங்கள் மலை பல நாடுகளாகப் பகுக்கப்பட்டது. ஒரு நாட்டின் வழக்கு மற்றொரு நாட்டில் அப்படியே இருக்கும் என்பதில்லை. ஆயினும் நூல்கள், “மலையாளிகள் இவ்வாறு கூறுகின்றனர்” என்று ஒரே வாய்பாட்டில் முடித்துவிட்டன. ஆயா கேட்ட “எந்த ஊரில் உட்கார்ந்து கேட்டார்?” என்னும் வினாவிற்கு விடை அங்கில்லை. அதுவே என் ஆய்வுக்கு உரிய இடம் என்று கண்டேன். அதனையும், “ஒருவரும் எழுதவில்லை” என்று முழங்காமல், “யான் தேடிய அளவிற் காணப்படவில்லை” என்றே எழுதினேன். அடக்கம் பொருந்துமிடம் அதுதான்.

இதனால் என்ன பயன்?

ஒரு மாணாக்கன் தன் ஆய்வேட்டில் இருபது பக்கத்தை ஒழுங்காக எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று கேட்பார் உண்டு. அவர்க்கு மருத்துவ உலகிலிருந்து ஒரு செய்தியைக் கூறுவேன்.

குறைமாதத்திற் பிள்ளை பெறக்கூடிய தாய்மார்க்குக் கார்டிகோஸ்டீராய்டு என்னும் மருந்தைச் சிறிது காலம் கொடுத்தால், குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்ந்து, அது பிழைக்க வாய்ப்புப் பெருகும். நியூசீலந்து நாட்டு லிகின்ஸ், ஹோவி என்னும் இருவர் இதனைச் சோதித்து 1972இல் வெளியிட்டனர். 1991க்குள் மேலும் பல சோதனைகள் வெளிவந்தன. அவற்றைத் தனித்தனியே நோக்கினாற் சில தெளிவற்றவை; ஒருங்கு வைத்து நோக்கினால் மருந்தின் பயன் ஐயத்திற்கு இடமின்றி விளங்கும். ஆனால் 1989 வரையில் அவற்றை ஒருங்கு வைத்து முறையாக ஆராய்ந்த கட்டுரை ஒன்றும் வெளிவரவில்லை. ஆதலாற் பெரும்பாலான மருத்துவர் அம்மருந்தின் அருமையை உணரவில்லை. பிழைத்திருக்கக்கூடிய பல்லாயிரங் குழந்தைகள் மாண்டிருக்கக்கூடும் என்று பின்னர் மதிப்பிட்டனர். மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராய்வதற்கென்றே 1993இல் தொடங்கிய காக்ரேன் கூட்டமைப்பு, அச்சோதனைகளின் வரைபடத்தையே தன் சின்னமாகக் கொண்டுள்ளது. முன்னூல்களை ஒருங்கு வைத்து நோக்காமையின் விலை அத்துணைப் பெரிது.

என் சிறு ஆய்வில் உயிர் ஒன்றும் தொங்கவில்லை என்பது மெய்யே. ஆயினும், ஒரு மக்கட்கூட்டத்தைப் பற்றி எழுதப்பட்டது ஒருமுறை அச்சேறிவிட்டால், அரசினரும் ஆசிரியரும் பின்னர் அதனையே எடுத்து வழங்குவர். நாளடைவில் அம்மக்களின் பிள்ளைகளும் தம்மைப்பற்றி நூலிலேயே படித்தறிந்து, அதுவே உண்மையென்று கொள்வர். யானே அதற்குச் சான்று. என் ஆயாவிடம் கேட்குமுன் ஏழு நூல்களைக் கேட்டேன். அவற்றை நம்பி அவருக்கே அவர் கதையைப் படித்துக் காட்டினேன்.

மூன்றாம் இயலுக்காக மலையூர்களிற் கதை கேட்கப் புறப்பட்டபோது, முதல் அட்டையை ஆயாவின் பெயரால் எழுதினேன். ஊர், ஏறத்தாழ வயது, யாரிடம் கேட்டறிந்தது, எந்நாளிற் கூறியது என்று எல்லாம் குறித்தேன். தம் பெயரை எதற்கு எழுதுகின்றாய் என்று வினவினார். “நாளைக்கு யாராவது வந்து, இதைச் சொன்னது யார் என்று கேட்பார்கள், ஆயா” என்றேன். “அப்படியானால் என் அம்மா பெயரையும் எழுது. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்” என்றார். முதனூலுக்கும் முன்னே ஒரு மூலம் உண்டு என்று அன்று கற்றேன்.

மாணாக்க நண்பர்காள்! நூலகத்தில் ஒரு நூலைத் திறக்கும்போதெல்லாம் அவ்வாசிரியரை எதிரில் அமர்த்தி, “ஐயா, இதை நீங்கள் கண்டீர்களா, கேட்டீர்களா, எங்கிருந்தேனும் எடுத்தீர்களா?” என்று பணிவோடு வினவுங்கள். விடையை அட்டையிற் குறியுங்கள். அதன்மேல் உங்கள் நிலை யாதென்று துணிந்து கூறுங்கள். நாளை ஒருவர் உங்கள் ஆய்வேட்டைத் திறந்து உங்களையும் அவ்வாறே வினவுவார். அவருக்கு மறைக்காமல் விடை கூறத்தக்கவாறு இன்றே எழுதிவைப்பீர்களாயின், உங்கள் இரண்டாம் இயல் அச்சுறுத்தும் இயலாக இராது. நீங்கள் பெருமையோடு காட்டும் இயலாகவே அமையும்.